‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ரன் என்றால் ஓடு’ என்று பள்ளியில் ஒரே வரியில் கற்றுக்கொண்டவர்கள், பிற்பாடு செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அந்தச் சொல்லைக் காணும்போது தடுமாறுகிறார்கள். அங்கே மூக்கு ‘ரன்’ ஆகிறது. பள்ளிக்கூடத்தை ஒருவர் ‘ரன்’ செய்கிறார். அரிசி ‘ரன் அவுட்’ ஆகிறது. ஆங்கிலம் பயிலும் தமிழர்கள் இச்சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆங்கிலத் தொடர்களும் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

கேள்வி: ‘ரன்’ என்னும் சொல்லுக்கு உண்மையில் எத்தனை பொருள்கள் உள்ளன?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் உள்ளன. 1928-இல் அந்த அகராதியின் முதல் பதிப்பு நிறைவடைந்தபோது அதில் மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்த சொல் ‘செட்’ என்பதாகும். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணி நடந்தபோது அந்த இடம் முதலில் ‘மேக்’ என்ற சொல்லுக்கும், பின்னர் ‘புட்’ என்ற சொல்லுக்கும், 2011-இல் ‘ரன்’ என்ற சொல்லுக்கும் சென்றது. பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒன்பது மாதங்கள் உழைத்திருக்கிறார்.

இயந்திரங்கள் பெருகப் பெருக இச்சொல்லுக்கும் வேலை பெருகியது. கடிகாரம், நீராவி எஞ்சின், ரயில், மோட்டார், கணினி நிரல் என்று புதிதாக வந்த ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகத் தொடங்கியது. நாமும் அவற்றையெல்லாம் ‘ஓடுகிறது’ என்றுதானே சொல்கிறோம்? ஆகவே அந்த எண்ணிக்கையைக் கண்டு மலைக்கத் தேவையில்லை.

கேள்வி: அத்தனை பொருள்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். தமிழ் இலக்கணத்தில் நாம் ஏற்கெனவே கற்ற தன்வினை, பிறவினை என்ற வேறுபாட்டைக் கையில் எடுத்துக்கொண்டால் இச்சொல்லின் பெரும்பகுதி விளங்கிவிடும். ‘ஓடு’ என்பது தன்வினை. ‘ஓட்டு’ என்பது பிறவினை. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ‘ரன்’ என்ற ஒரே வடிவம்தான் உண்டு. பின்னால் செயப்படுபொருள் இல்லையென்றால் அது பெரும்பாலும் ‘ஓடு’, ‘ஒழுகு’, ‘இயங்கு’ என்ற பக்கம் சேரும். செயப்படுபொருள் வந்தால் ‘ஓட்டு’, ‘நடத்து’, ‘இயக்கு’ என்ற பக்கம் சேரும். ‘த மோட்டார் இஸ் ரன்னிங்’ என்றால் மோட்டார் ஓடுகிறது. ‘ஹீ இஸ் ரன்னிங் த மோட்டார்’ என்றால் அவர் மோட்டாரை ஓட்டுகிறார்.

இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை அன்று. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதைக் குறிக்க ‘இர்னன்’, ‘ரின்னன்’ என்ற வடிவங்களும், ஓடச் செய்வதைக் குறிக்க ‘ஏர்னன்’ என்ற வடிவமும் தனித்தனியே இருந்தன. காலப்போக்கில் அவை கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. இனமொழியான ஜெர்மனில் ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகி ஓடுவது, ‘ரென்னன்’ என்றால் கால்களால் ஓடுவது என்று இன்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலம் இழந்துவிட்ட அந்தப் பிரிவினையை நாம் தமிழில் இன்றுவரை வைத்திருக்கிறோம் என்பதால், இச்சொல்லைப் புரிந்துகொள்வதில் தமிழருக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் என்ன? பள்ளியை எப்படி ஓட்ட முடியும்?

அவர் பள்ளி நடத்துகிறார் என்பதே பொருள். இங்கே இரு மொழிகளின் போக்கும் கவனிக்கத்தக்கது. நிர்வகித்தல் என்ற கருத்துக்குத் தமிழ் ‘நட’ என்ற வினையிலிருந்து ‘நடத்து’ என்ற பிறவினையை அமைத்துக்கொண்டது. ஆங்கிலமோ ஓட்டத்திலிருந்து அதே கருத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடை, உணவகம், முகாம், பயிற்சி வகுப்பு, அறக்கட்டளை ஆகிய எதை ஒருவர் பொறுப்பேற்று நடத்தினாலும் ‘ரன்’ என்று சொல்லலாம். ‘மேனேஜ்’ என்ற சொல்லைவிட இது இயல்பானது. பேச்சிலும் எழுத்திலும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆயினும் ‘மேனேஜ்’ என்பதில் மேலாளர் என்ற பதவியின் சாயல் இருக்கிறது; ‘ரன்’ என்பதில் முழுப் பொறுப்பும் அவருடையது என்ற குறிப்பு இருக்கிறது. சொந்தக் கடையை நடத்துபவருக்கு இரண்டாவதே பொருத்தம்.

கேள்வி: ‘ரன்’ வரும் இடமெல்லாம் தமிழில் ‘ஓடு’ என்று மொழிபெயர்க்கலாமா?

சில இடங்களில் அப்படியே பொருந்தும். பேருந்து ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது, எண்ணம் மனத்தில் ஓடுகிறது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’ வரும்.

வேறு பல இடங்களில் தமிழ் தனக்கென்று வேறு வினைகளை வைத்திருக்கிறது. மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, கிணறு வற்றிவிட்டது, சர்க்கரை நோய் அந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது, பத்திரிகை அந்தச் செய்தியை முதல் பக்கத்தில் வெளியிட்டது. இவை ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வருகிறது. சாயம் போகும் துணிக்கு ‘த கலர் ரன்ஸ்’ என்பார்கள். கிணறு வற்றியதற்கு ‘த வெல் ரேன் ட்ரை’ என்பார்கள். பரம்பரை நோய்க்கு ‘இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ என்பார்கள். இவற்றைத் தமிழாக்கும்போது, எழுவாய் எதுவோ அதற்குத் தமிழில் வழங்கும் வினையைத் தேட வேண்டும். ஆங்கில வினையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வழி கிடைக்காது.

பெயர்ச்சொற்களில் நம்முடைய ‘ஓட்டம்’ என்ற சொல் ஆங்கிலத்தைவிட வளமாகவே கிளைத்திருக்கிறது. இரத்த ஓட்டம், காற்றோட்டம், நீரோட்டம், மின்னோட்டம், தேரோட்டம் ஆகியவற்றில் எதற்குமே ஆங்கிலத்தில் ‘ரன்’ வராது. மின்னோட்டத்துக்கு அவர்கள் சொல்லும் ‘கரன்ட்’ என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கும் ஓடுதல் என்பதே பொருள்.

கேள்வி: இதன் மூன்று காலவடிவங்கள் என்ன? உச்சரிப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

‘ரன்’, ‘ரேன்’, ‘ரன்’ என்பவையே மூன்று வடிவங்கள். முதலும் மூன்றாவதும் ஒன்றே என்பதால் ‘ஹேவ்’, ‘ஹேட்’ என்ற துணைவினைகளுக்குப் பின்னால் ‘ரன்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஐ ஹேவ் ரேன்’ என்பது பிழை.

நிகழ்கால ‘ரன்’ என்பதில் வரும் உயிர் நம்முடைய ‘அ’வுக்கு நெருக்கமானது. இறந்தகால ‘ரேன்’ என்பதில் வருவது தமிழில் இல்லாத ஒலி. ‘பேங்க்’ என்ற சொல்லில் நாம் ஒலிக்க முயல்வதும் அதையே. வாயை நன்றாக அகலத் திறந்து ‘அ’வுக்கும் ‘ஏ’வுக்கும் இடையில் ஒலித்தால் சரியாக வரும். தமிழ் ‘ஏ’யைப் போல நீட்டி ஒலித்தால், மழையைக் குறிக்கும் ‘ரெயின்’ என்று கேட்பவர் காதில் விழக்கூடும்.

கேள்வி: ‘ரன் அவுட்’ என்றால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பது. அரிசி எப்படி ‘ரன் அவுட்’ ஆகும்?

இரண்டும் வடிவத்தில் ஒன்று, பொருளில் வேறு. கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்பது, ஓடும் மட்டையாளர் விக்கெட்டுக்கு முன்னுள்ள ‘கிரீஸ்’ கோட்டுக்குள் வந்து சேர்வதற்கு முன் எதிரணியினர் பந்தால் விக்கெட்டைச் சாய்ப்பது. பொது வழக்கில் அதற்குத் தீர்ந்துபோதல் என்பது பொருள். இந்த இரண்டாம் பொருளை இரு விதமாக அமைக்கலாம். பொருளை எழுவாயாக வைத்தால் ‘த ரைஸ் ஹேஸ் ரன் அவுட்’. ஆளை எழுவாயாக வைத்தால் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்’. இரண்டாவது அமைப்பில் ‘ஆஃப்’ கட்டாயம் வர வேண்டும். தமிழில் ‘எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது’ என்று பொருளையே எழுவாயாக்கிச் சொல்லும் வழக்கம் நமக்கு இருப்பதால், ஆளை எழுவாயாக்கும் இரண்டாவது அமைப்பு நம் வாயில் எளிதில் வருவதில்லை. ஆங்கிலத்தில் பெரிதும் வழங்குவது அதுதான் என்பதால் அதைப் பழகிக்கொள்வது நல்லது.

கேள்வி: சிக்ஸர் அடித்தவர் ஓடுவதே இல்லை. அதையும் ஏன் ஆறு ‘ரன்’ என்கிறார்கள்?

இரு முனைகளுக்கும் இடையில் ஒருமுறை ஓடிக் கடப்பதே தொடக்கத்தில் கணக்கின் அலகாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு போட்டுக் கணக்கு வைத்தார்கள்; அதனால் அக்காலத்தில் ஓட்டங்களை ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்றும் குறித்தார்கள். பின்னர் எல்லையைத் தாண்டிய பந்துக்கு ஓடாமலேயே குறிப்பிட்ட எண்ணிக்கை வழங்கும் முறை வந்தபோதும் அலகின் பெயர் மாறவில்லை.

தமிழில் இதற்கு இரு வழக்குகள் நிலவுகின்றன. தமிழ்நாட்டு இதழ்கள் பெரும்பாலும் ‘ரன்கள்’ என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் இதழ்கள் ‘ஓட்டங்கள்’ என்று எழுதுகின்றன. இரண்டாவது வழக்கு எனக்கு மிகவும் உவப்பானது. ‘சதம்’, ‘ஆட்டமிழப்பு’ போன்ற சொற்களோடு சேர்ந்து அது முழுமையான தமிழ் வர்ணனைக்கு இடமளிக்கிறது.

கேள்வி: ‘ரன்’ என்பதோடு ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’, ‘பை’ ஆகியவை சேரும்போது என்ன பொருள்?

‘ரன் இன்டு’ என்பதற்கு மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. நண்பரைத் தற்செயலாகச் சந்திப்பது ஒன்று. வண்டி எதன்மீதாவது மோதுவது இன்னொன்று. தொகை ஓர் அளவை எட்டுவது மூன்றாவது. ‘த காஸ்ட் வில் ரன் இன்டு லேக்ஸ்’ என்றால் செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்று பொருள். பின்னால் வருவது ஆளா, சுவரா, தொகையா என்று பார்த்தாலே பொருள் பிடிபட்டுவிடும்.

‘ரன் ஓவர்’ என்பது வண்டி ஒருவர்மீது ஏறிவிடுவதைக் குறிக்கும். கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டி நீள்வதற்கும் அதையே சொல்வார்கள். ‘ரன் டவுன்’ என்பது பேட்டரிக்குச் சொன்னால் சார்ஜ் இறங்குவது, ஆளைப் பற்றிச் சொன்னால் தாழ்த்திப் பேசுவது. அதையே அடையாகச் சேர்த்து ‘எ ரன்-டவுன் பில்டிங்’ என்றால் பராமரிப்பின்றிச் சீர்கெட்ட கட்டடம்.

‘ரன் பை’ அலுவலகங்களில் இப்போது மிகுதியாக வழங்குகிறது. ‘லெட் மீ ரன் திஸ் பை யூ’ என்று மேலதிகாரியோ உடன்பணியாளரோ சொன்னால், இதை உங்களிடம் ஒருமுறை சொல்லிக் கருத்துக் கேட்டுக்கொள்கிறேன் என்பது பொருள். அனுமதி கோருவது என்ற அளவுக்கு அது போகாது.

கேள்வி: தேர்தலில் ‘ரன்’ செய்வதா, ‘ஸ்டேண்ட்’ செய்வதா?

அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள். பிரிட்டனில் ‘ஸ்டேண்ட்’ என்பார்கள். ‘ஷீ இஸ் ரன்னிங் ஃபார் பிரசிடென்ட்’ என்பது அமெரிக்க வழக்கு. ‘ஹீ இஸ் ஸ்டேண்டிங் ஃபார் பார்லிமென்ட்’ என்பது பிரிட்டிஷ் வழக்கு. தமிழும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்றே சொல்கிறது. இந்திய ஆங்கில இதழ்கள் பெரும்பாலும் ‘கன்டெஸ்ட்’ என்று எழுதுகின்றன. நம் ‘போட்டியிடுகிறார்’ என்பதற்கு அது நேரானது. எந்த நாட்டு வாசகருக்காக எழுதுகிறோமோ அந்நாட்டு வழக்கைக் கொள்வதே முறை.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளில் வரும் ‘ரன்னிங் மேட்’ என்பது துணை அதிபர் வேட்பாளரைக் குறிக்கும். குதிரைப் பந்தயத்திலிருந்து அரசியலுக்கு வந்த சொல் அது.

கேள்வி: செய்திகளில் வரும் ‘பேங்க் ரன்’ என்பது என்ன?

ஒரு வங்கி நொடித்துவிடும் என்ற அச்சத்தில் அதன் வாடிக்கையாளர்கள் பெருந்திரளாக ஒரே நேரத்தில் வைப்புத்தொகையைத் திரும்ப எடுக்க முற்படுவதே ‘பேங்க் ரன்’. வங்கியில் போட்ட பணம் முழுவதும் பெட்டகத்தில் இருப்பதில்லை. அதில் பெரும்பங்கு நீண்டகாலக் கடன்களாகவும் முதலீடுகளாகவும் வெளியே இருக்கிறது. ஆகவே எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால், ஓரளவு நல்ல நிலையில் உள்ள வங்கியாலும் ஈடுகொடுக்க இயலாது. அச்சமே அச்சப்பட்டதை உண்டாக்கிவிடும் என்பதுதான் இதன் கொடுமை.

2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கியின் கிளை வாசல்களில் வாடிக்கையாளர்கள் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முற்பட்டார்கள். மறுநாளே அவ்வங்கி மூடப்பட்டது. முதலாவதில் மக்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். இரண்டாவதில் பெரும்பாலானோர் இருந்த இடத்திலிருந்தே இணையவழியில் பணத்தை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் ‘ரன்’ என்பதுதான். தமிழில் இதற்கு நிலைத்த ஒற்றைச் சொல் இல்லாததால், ‘வைப்புத்தொகையை எடுக்க மக்கள் முண்டியடித்தனர்’ என்று விளக்கி எழுதுவதே தெளிவு.

கேள்வி: நாம் அன்றாடம் சொல்லும் ‘ரன்னிங்’ எல்லாம் சரியான ஆங்கிலம்தானா?

சில சரியானவை, சில இந்தியாவில் மட்டும் வழங்குபவை. ‘வண்டி குட் ரன்னிங் கண்டிஷன்’ என்பது எங்கும் செல்லும். கிரானைட் கடையில் சொல்லும் ‘ரன்னிங் அடி’ என்பதும் சரியான வழக்கே. பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட சமையல் மேடைக்கு ரன்னிங் அடிக் கணக்கில் பத்து அடிக்கு விலை. சதுர அடிக் கணக்கில் இருபது அடிக்கு விலை. அகலத்தை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் தொடர்ச்சியாக அளப்பதால் அங்கே ‘ரன்னிங்’ வருகிறது. ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்று சொன்னால் தொடர்ந்து மூன்று நாள் என்று பொருள்படுவதும் இதே அடிப்படையில்தான்.

‘எனக்கு 35 ரன்னிங்’ என்பது வெளிநாட்டவருக்குப் புரியாது. முப்பத்து நான்கு முடிந்து முப்பத்தைந்து நடக்கிறது என்றால், ஆங்கிலத்தில் நிறைவடைந்த வயதை மட்டும் கொண்டு ‘ஐ ஆம் தர்ட்டி ஃபோர்’ என்றுதான் சொல்வார்கள். விண்ணப்பப் படிவங்களிலும் அவ்வாறே எழுத வேண்டும். ‘ரன்னிங் பஸ்’ஸில் ஏறாதே என்பதற்கு ‘மூவிங் பஸ்’ என்பதே சரி. ‘ரன்னிங் நோஸ்’ என்பதைவிட ‘ரன்னி நோஸ்’ என்பது இயல்பு. கடை நட்டத்தில் ஓடுகிறது என்பதற்கு ‘ரன்னிங் இன் லாஸ்’ என்று சொல்லக் கூடாது. ‘ரன்னிங் அட் எ லாஸ்’ என்று சொல்ல வேண்டும். ‘ரன்னிங் ரேஸ்’ என்பதில் ‘ரேஸ்’ மட்டும் போதும்.

ரயில் நிலைய அறிவிப்பில் ‘இஸ் ரன்னிங் லேட் பை தர்ட்டி மினிட்ஸ்’ என்று கேட்டுக் கேட்டு அது நம் காதில் பதிந்திருக்கிறது. அது பிழையன்று, ஆயினும் ‘இஸ் ரன்னிங் தர்ட்டி மினிட்ஸ் லேட்’ என்பதே பிற நாட்டினர் சொல்லும் வரிசை. ரயிலுக்கு மட்டுமின்றி ஆளுக்கும் இது பொருந்தும். கூட்டத்துக்குத் தாமதமாக வந்துகொண்டிருப்பவர் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று செய்தி அனுப்பலாம்.

கேள்வி: ‘இன் த லாங் ரன்’, ‘டிரையல் ரன்’ ஆகியவற்றை எப்படித் தமிழில் எழுதுவது?

முதலாவதை ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழ் வாசகருக்கு அது எதையும் உணர்த்தாது. ‘நாளடைவில்’, ‘காலப்போக்கில்’, ‘நெடுங்கால நோக்கில்’ ஆகியவற்றுள் இடத்துக்கு ஏற்றது எதுவோ அதைக் கொள்ளலாம். இரண்டாவதற்கு ‘வெள்ளோட்டம்’ என்னும் அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்ப்பதற்கு வழங்கிவரும் சொல் அது. மெட்ரோ ரயிலுக்கும் புதிய மென்பொருளுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ‘சோதனை ஓட்டம்’ என்று புதிதாகக் கட்டுவதற்கு முன், கையில் இருக்கும் சொல்லை எடுத்தாள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் ‘ஐ ஹேவ் டு ரன்’ என்றார். எங்கே ஓடப் போகிறார்?

எங்கும் ஓடவில்லை. ‘நான் கிளம்ப வேண்டும்’ என்று அவர் இயல்பாக விடைபெறுகிறார். நெருங்கியவர்களிடமும் உடன்பணியாளர்களிடமும் இப்படிச் சொல்லலாம். நேர்காணலிலோ மூத்த அதிகாரியிடமோ சொல்வது பொருந்தாது. அங்கே ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ ஹேவ் டு லீவ் நவ்’ என்பதே தகும். பதிலுக்கு நீங்கள் காரணம் கேட்க வேண்டியதில்லை. ‘ஷ்யூர், டாக் சூன்’ என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்.